நாணும் நரம்பும்: தூண்டிற் கயிறு பற்றிச் சில குறிப்புகள்

தமிழ் இலக்கியத்தில் தூண்டிலுக்கு நல்ல இடம் உண்டு. சூதைப் பழிக்க வந்த வள்ளுவர் அதில் கிடைக்கும் வெற்றியை, இரையென்று எண்ணி மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார் (குறள் 931). குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை தான் வளைத்துப் பிடித்திருந்த பசுமூங்கிலைக் கைவிடுகிறது. அம்மூங்கில், மீன் கவ்வியதும் மேலே இழுக்கப்படும் தூண்டிற்கோல் போல விருட்டென நிமிர்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே அப்புலவர் மீனெறி தூண்டிலார் என்று பெயர் பெற்றார். இயற்பெயர் மறைந்து உவமை பெயராக நின்றது.

முள்ளைப் பாடியிருக்கிறார்கள். இரையைப் பாடியிருக்கிறார்கள். கோலையும் பாடியிருக்கிறார்கள். இம்மூன்றையும் இணைக்கும் கயிற்றை மட்டும் நம் புலவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிட்டனர். தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாதிருப்பதே அதன் தொழில்; இலக்கியத்திலும் அது அத்தொழிலைச் செவ்வனே செய்திருக்கிறது. அந்த ஒரு சொல் ‘நாண்’.

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் நாம் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். அவன் பசிய ஊன் இட்டு வைத்த தோற்பையைத் தோளில் சுமந்திருக்கிறான். நெடிய மூங்கிற்கோலின் நுனியில் வலித்துக் கட்டிய நாண், அதன் கடையில் வளைந்த வாயுடைய இரும்பு. வாளை மீன் ஒன்று முள்ளில் சிக்காமல் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அன்று முதல் நீர்க்கரைப் பிரம்பின் நிழல் தண்ணீரில் அசைந்தாலும் தூண்டிற்கோல் என்று எண்ணி வெருவுகிறது. கோலின் நிழலுக்கு அஞ்சிய வாளை, நாணின் நிழலுக்கு அஞ்சவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு நுண்ணிய கயிறு அது. அகநானூற்றின் 216ஆம் பாட்டில் மீன் பிடிக்கும் பாண்மகளின் கையிலும் நாண் கட்டிய மெல்லிய கோலே இருக்கிறது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் கழிக்கரைப் பாணன் நாணில் இரை கோத்துச் சினைக்கயலைக் கொல்கிறான். மூன்று இடங்கள், மூன்றிலும் பாணர், மூன்றிலும் நாண்.

‘நாண் என்றால் கயிறு’ என்று பொருள் சொல்லி அடுத்த அடிக்குப் போவது ஆசிரியர்களாகிய நம் வழக்கம். மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். ஆனால் எந்தக் கயிறு? தேர் இழுக்கும் வடமும் கயிறுதான், தாலி கோத்த சரடும் கயிறுதான். ஒரு வாளையின் இழுப்பைத் தாங்க வேண்டும், அதன் கண்ணில் படவும் கூடாது என்றால் அதை எதில் திரித்தார்கள்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் தாவரநூல், இசைநூல், ஜப்பானிய மொழி, வேதியியல் என்று எங்கெங்கோ செல்ல நேர்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் சொல்லே ஒரு தடயம். நாண் என்பது வில்லின் கயிற்றுக்கும் பெயர். வில்நாணுக்கு வேண்டிய குணங்கள் மூன்று: மெல்லியதாக இருக்க வேண்டும், சட்டென்ற இழுப்பைத் தாங்க வேண்டும், நீண்டு தொய்யக் கூடாது. தூண்டில் நாணுக்கும் இவையே வேண்டும். பெயர் பொதுவாக இருப்பதற்குப் பொருளும் பொதுவாக இருந்தது காரணமாகலாம். (வெட்கத்துக்கும் நாண் என்றே பெயர், அந்த ஆராய்ச்சி நமக்கு இங்கு வேண்டாம்.)

தமிழகத்தின் வறண்ட காடுகளில் மரல் என்றொரு செடி உண்டு. மருள் என்றும் வழங்கும். கற்றாழை போல் தரையிலிருந்து வாள் வாளாக எழும். இலைச்சதையைச் சுரண்டி எடுத்தால் வெள்ளிபோல் மின்னும் மெல்லிய நார் கிடைக்கும். வடமொழியில் மூர்வை என்பது வில்நாணுக்குரிய நார்ச்செடி. மரலின் இனத்தையே அப்பெயரால் குறிப்பர். ஆங்கிலேயரும் இந்த இனத்துக்கு வில்நாண் சணல் என்று பொருள்படும் பெயரையே இட்டனர். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த நூலின் ஆசிரியர் வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரையே இச்செடியின் அறிவியற் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. பழைய நாண் மரல் நாரால் ஆனது என்று அறுதியிட்டுச் சொல்ல ஏடு இல்லை. சொல்லும் செடியும் அருகருகே நிற்கின்றன என்பதே நாம் சொல்வது.

மருத நிலத்துக்கு இறங்கினால் வேறு இரண்டு நார்கள் கைக்கு எட்டும். ஒன்று பருத்தி. மற்றது சணப்பு. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து உழவர்களுக்குச் சணப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தக்கைப்பூண்டோடு சேர்த்துப் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிறார்கள். மடக்கி உழாமல் முற்றவிட்டு, தண்டை நீரில் ஊறப்போட்டு உரித்தால் அதுவே இந்தியக் கரைகளின் பழைய வலைநார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் இம்மாகாணத்தின் மீன்பிடி முறைகளைத் தொகுத்து எழுதினார். நைலானுக்கு முற்பட்ட கரையை அறிய விரும்புவோர் செல்ல வேண்டிய இடம் அதுதான்.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்று கடையில் ‘சணல்’ என்று கேட்டால் கொடுப்பது வங்காளத்துச் சாக்குநூல். அது வேறு, சணப்பு வேறு. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சாக்குநூல் பொன்னிறம், பஞ்சுபோல் பிசிர் மிகுந்தது. நீரில் நனைந்தால் வலு குறையும், நனைந்தபடியே கிடந்தால் விரைவில் மக்கும். சணப்பு சற்று வெளிறிய நிறம், விறைப்பானது. நனைந்தாலும் வலு குன்றாது. மீன்பிடிப்பவன் சாக்குநூலைத் தொடமாட்டான். பழைய நூல்களைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் ‘சணல்’ என்று கண்ட இடத்திலெல்லாம் சாக்கை நினைத்துவிடக் கூடாது.

பருத்தி நூலுக்கும் சணப்பு நூலுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டும் நனைந்தால் வலுக்கூடும். பட்டும் நைலானும் நனைந்தால் சற்று வலுக்குறையும். இக்காலத்து நரம்பு கடையில் காட்டும் வலுவை நீரில் முழுமையாகக் காட்டுவதில்லை; பழைய நாணோ நீருக்குள் போன பிறகுதான் தன் முழு வலுவைப் பெற்றது. ஆனால் கரையேறிய பின் பழைய நாணுக்குப் பராமரிப்பு வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுவிடும். அதற்காக நம் நாட்டில் பரவலாகக் கையாண்டது பனிச்சங்காய். பனிச்சை மரத்தின் காயை இடித்துப் பிழிந்த சாற்றில் துவர்ப்பும் பிசினும் மிகுதி. அதில் வலையையும் கயிற்றையும் தோய்த்து உலர்த்தினால் கருத்து, நீர் புகாமல், நாள்பட உழைக்கும். பனிச்சங்காய்ச் சாறு ஏறிய நூலை அடையாளம் காண்பது எளிது. கருஞ்சிவப்பு நிறம், விரலில் சொரசொரப்பு, முகர்ந்தால் துவர் வாடை.

இனிப் பாணருக்கு வருவோம். யாழ் மீட்டிப் பாடும் கலைஞர் எவ்வாறு மீன்பிடிப்போராகவும் காட்டப்படுகின்றனர் என்பது சங்க இலக்கிய ஆய்வில் பலகாலமாகப் பேசப்பட்டு வரும் செய்தி. வறுமை காரணம் என்பர். பாணருள் பிரிவுகள் இருந்தன என்பர். ஐங்குறுநூற்றின் புலவிப் பத்தில் பாண்மகள் வட்டி நிறைய வராலைக் கொண்டுவந்து சொரிகிறாள். மனையோள் அதே வட்டியை ஓராண்டு கழிந்த பழைய வெண்ணெல்லால் நிரப்பி அனுப்புகிறாள். நெல்விளையும் ஊரில் பாணர்குடிக்கு மீன்தான் நாணயம். இவை அறிந்தவையே. நாம் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: யாழும் தூண்டிலும் கேட்பது ஒரே கைத்திறனை. இரண்டுக்கும் இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய இழை வேண்டும். அந்த இழை எங்கே அறும் என்பதை விரலால் தடவியே அறிய வேண்டும்.

பழைய இசைமரபு யாழ் நரம்புக்கு நான்கு குற்றங்களை வகுத்திருக்கிறது: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. உரையாசிரியர்கள் இசைக்கு ஆகாதவை என்று இவற்றைத் தொகுத்துத் தருவர். சீவகசிந்தாமணியின் கந்தருவதத்தையார் இலம்பகத்தில் இதை ஒரு காட்சியாகவே பார்க்கலாம். போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைத்த யாழ்களை மரத்திலும் நரம்பிலும் குற்றம் கண்டு ஒதுக்குகிறான். முறுக்கைப் பிரித்து உள்ளே ஒளிந்திருந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். இந்த நான்கையும் யாழிலிருந்து கழற்றித் தூண்டிலில் மாட்டிப் பாருங்கள். புரி கொடிதாக ஏறினால் கயிறு தானே சுருண்டு கோலில் சிக்கும். மயிர் கலந்தால் அந்த இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பற்றாமல் வலுக்குன்றும். தும்பு நீட்டிக்கொண்டிருந்தால் நீரில் பாசியையும் சேற்றையும் பிடித்து இழை தடித்துக் காட்டும். முறுக்கு விழுந்த இடத்தில்தான் பெருமீன் இழுக்கும்போது அறும். இசைக்குச் சொன்ன குற்றங்களுள் ஒன்றேனும் தூண்டிலுக்குப் பொருந்தாமல் போகவில்லை.

இதைச் சான்றாக வைத்துப் ‘பாணர் யாழ்நரம்பையே தூண்டிலில் கட்டினர்’ என்று எழுதிவிட நமக்கு ஆசை உண்டு, துணிவு இல்லை. ஆனால் நரம்பின் குற்றம் தேரும் கண்ணும் விரலும் உடைய ஒரு குடி நாணைத் தேர்வதில் மட்டும் குருடாக இருந்திருக்க முடியாது. நாண் என்பதற்குக் ‘கயிறு’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதும்போது நாம் இழப்பது இந்த அறிவைத்தான்.

சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1887இல் அச்சிட்டு வெளியிட்டார். அதே 1887இல் சென்னை மாகாணச் சிவில் அதிகாரி எச்.எஸ். தாமஸ் இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவில் தூண்டில் என்னும் பொருளில் 1873இலேயே அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. தஞ்சை மாவட்ட நிலவரித் தள்ளுபடி பற்றி 1880களில் அறிக்கை எழுதியவரும் இவரே. யாழ்நரம்பின் குற்றம் பேசும் காப்பியமும் தூண்டில் நரம்பு பேசும் நூலும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஒன்றின் வாசகர் மற்றொன்றை அறிந்திருக்க நியாயமில்லை.

‘நரம்பு’ என்று இங்கே நாம் எழுதியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஐரோப்பியர் தூண்டிலின் கடைசி முழத்துக்குப் பயன்படுத்தியது உண்மையிலேயே ஒரு நரம்பு. பட்டுப்புழு கூடுகட்டத் தொடங்குமுன் அதைப் பிடித்துப் புளிக்காடியில் ஊறவைத்து, வயிற்றைக் கிழித்து, பட்டு சுரக்கும் பையை எடுத்து இரு கைகளாலும் மெல்ல இழுப்பார்கள். முழ அளவில் கண்ணாடி போன்ற ஓர் இழை நீளும். கூட்டிலிருந்து நூற்ற பட்டுநூல் அன்று இது. நூலாகப் பிரியாத முழுப்பட்டு. ஸ்பெயினின் மூர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. உலர்ந்திருக்கும்போது ஒடியும், ஊறவைத்த பிறகே முடிச்சுப் போட முடியும். ஒவ்வொன்றும் குட்டை ஆதலால் பலவற்றை முடிந்து நீட்ட வேண்டும். அதற்கு முன்பு அவர்கள் குதிரைவால் மயிரைத் திரித்தே தூண்டிலிட்டார்கள். 1653இல் வெளிவந்த ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் அந்தக் காலத்தது.

இதே முறை கிழக்கே சீனத்திலும் இருந்தது. சீனத்துக் காட்டுப் பட்டுப்புழுவின் இழை ஜப்பானுக்குச் சென்றது. அங்கே அதன் பெயர் ‘தெகுசு’. நைலான் வந்த பிறகும் ஜப்பானியர் பெயரை மாற்றவில்லை. புழு போய்விட்டது, தெகுசு நின்றது.

இப்போது நம் கடற்கரைக்கு வாருங்கள். தென்தமிழகத்து மீனவர் ஒற்றையிழை நைலானைத் ‘தங்கூஸ்’ என்கின்றனர். ஈழத்தமிழர் ‘தங்கூசி’ என்பர். அங்கே தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை பற்றிய செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வரும். சிங்களத்திலும் மலையாளத்திலும் ஏறத்தாழ இதே சொல்தான். தமிழ் வேரில் இதற்குப் பொருள் காண முயல்வோர் தங்கத்தையும் ஊசியையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. நமக்கு அது ஒப்பவில்லை. மலாய் மொழியில் தூண்டில் இழைக்குத் ‘தாங்சி’ என்று பெயர். அதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் சொல்லின் பின்பாதியான ‘கூஸ்’ தெகுசுவில் இருக்கிறது, தாங்சியில் இல்லை. அப்படியானால் நடுவிலுள்ள மெல்லினம்? தோக்கியோ வட்டாரத்துப் பழைய உச்சரிப்பில் சொல்லின் இடையில் வரும் ககரம் மூக்கொலியாக, ஏறக்குறைய நம் ஙகரமாக ஒலிக்கும். தெகுசு ‘தெஙுசு’ என்றே காதில் விழும். போருக்குப்பின் ஜப்பானிய நைலான் ஆசியக் கரைகளெங்கும் விற்பனைக்கு வந்த காலத்தில் பொருளோடு பெயரும் இறங்கியது என்பது நம் கருத்து. மாற்றுக்கருத்து உடையோர் எழுதலாம், வரவேற்போம்.

உள்நாட்டில் இச்சொல் அவ்வளவாக ஊன்றவில்லை. மன்னார்குடி மதிலழகுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆனால் மதிலைவிட நீரே இங்கு மிகுதி. ஒருபுறம் பாமணியாறு, ஊருக்குள் கடல் போன்ற ஹரித்ரா நதி, பெயர்தான் நதி, உண்மையில் கோயில் தெப்பக்குளம், வயலுக்கு வயல் வாய்க்கால். மேட்டூர் திறந்து ஆற்றில் நீர் வந்துவிட்டால் மதகடிகளிலும் பாலத்துக் கைப்பிடிச் சுவர்களிலும் தூண்டிற்காரர்கள் வந்து அமர்ந்துவிடுவர். குளங்கள் ஏலத்துக்குப் போகின்றன; அங்கே மீன் குத்தகைக்காரருடையது. வாய்க்காலும் ஆறுமே கூலிவேலை இல்லாத நாளில் ஒருவன் கோலோடு போய் உட்காரத்தக்க இடம். கயிறும் வலையும் விற்கும் கடையில் அவன் கேட்பது ‘நரம்பு’. வரால் தூண்டிலுக்குக் கனமான நரம்பு, கெண்டைக்கு மெல்லிய நரம்பு. யாழுக்குரிய சொல் எங்கும் ஏட்டைத் தொடாமல் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஜப்பானியன் புழுவின் பெயரை நைலானுக்கு வைத்துக்கொண்டான்; நாம் விலங்கின் உறுப்பின் பெயரை வைத்துக்கொண்டோம்.

அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் இன்று மூன்று வகை இருக்கின்றன. மூன்றுக்கும் பெயர் நரம்புதான். விலை மட்டும் பலமடங்கு வேறுபடும். ஆகவே இவற்றைப் பிரித்தறிவது ஏழைத் தூண்டிற்காரனுக்குப் பணம் பற்றிய செய்தி.

முதலாவது நைலான். 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கியது. 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முதலில் பல்துலக்கியின் மயிராகவும் பெண்களின் காலுறையாகவும் பின்பு தூண்டில் இழையாகவும் வந்தது. இரண்டாவது, கண்ணாடிபோல் இருக்கும் ‘புளோரோகார்பன்’. ஜப்பானின் குரேகா நிறுவனம் 1971இல் தூண்டிலுக்குக் கொண்டுவந்தது. மூன்றாவது, பல இழைகளைப் பின்னிய ‘பிரெய்டு’. பாலித்தீனின் மிக வலுவான வடிவம். 1990களில் தூண்டிலுக்கு வந்தது. இதைக் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்: சடைபோல் பின்னல் தெரியும், நிறம் ஏற்றியிருக்கும், ஒளி ஊடுருவாது.

முதல் இரண்டையும் பிரிப்பதில்தான் ஏமாற்று. இரண்டும் ஒற்றையிழை, இரண்டும் நிறமற்றவை. ஒரு சாண் நறுக்கி நன்றாக நனைத்து ஒரு சொம்பு நீருக்குள் அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். நைலானின் அடர்த்தி 1.14, நீரைவிடச் சற்றே கனம், தயங்கித் தயங்கி இறங்கும். புளோரோகார்பனின் அடர்த்தி 1.78, நேரே அடிக்குப் போகும். பிரெய்டு 0.97, மிதக்கும். அடுத்து, ஒரு முழத்தை இரு கையிலும் சுற்றி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நைலான் நன்றாக நீண்டு கொடுக்கும்; புளோரோகார்பன் விறைப்பாக நிற்கும்; பிரெய்டு அநேகமாக நீளாது, கையை அறுக்கும். கடைசியாக நெருப்பு. சணப்பும் பருத்தியும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பட்டும் குதிரைமயிரும் முடி கருகும் நாற்றம் தந்து, நசுக்கினால் பொடியாகும் கரிய குமிழ் விடும். நைலான் தீயைக் கண்டதும் சுருங்கி உருகி, ஆறியபின் கல்போன்ற மணியாகும். பாலித்தீன் மெழுகுவத்தி அணைத்த வாடையோடு சொட்டும். புளோரோகார்பனைக் கொளுத்தாமல் விடுவதே நல்லது. எளிதில் எரியாது, எரிந்தால் அதன் புகை நச்சு.

புளோரோகார்பனுக்கு இத்தனை விலை ஏன் என்றால், அது நீரில் குறைவாகத் தெரியும். ஒளியை வளைக்கும் அளவில் நீர் 1.33, புளோரோகார்பன் 1.42, நைலான் ஏறத்தாழ 1.53. நீருக்கு நெருங்க நெருங்க இழை நீரோடு கலந்து மறையும். தெளிந்த மலையோடைக்கு இது பெரிய நன்மை. புது வெள்ளத்தில் காவிநிறமாக ஓடும் பாமணியாற்றுக்கு இதற்காகப் பணம் கொடுப்பது வீண் என்பது நம் கருத்து. வரால் பிடிப்பவன் கண்ணுக்குத் தெரியாத நரம்பையா தேடுகிறான்? ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் நடுவே இழுத்தால் அறாத நரம்பையே தேடுகிறான்.

வகுப்பில் இப்போது பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதிக்கு வரும்போது பருத்தி, சணப்பு, நைலான் ஆகிய மூன்று துண்டுகளைக் கைமாற்றி விடுகிறோம். கிராமத்து மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்கிறார்கள். தும்பு என்ற சொல்லுக்கு நாம் உரை சொல்லுமுன் அவர்கள் விரல் சொல்லிவிடுகிறது. ஒரு மாணவி சணப்புத் துண்டின் பிசிரை நகத்தால் நீவிவிட்டு ‘இது கெண்டைக்கு ஆகாது ஐயா’ என்றாள். அடியார்க்குநல்லாருக்குக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பழைய நாண்களுக்கும் புதிய நரம்புகளுக்கும் இடையே இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. கடையில் நின்று அதைக் கண்டறிய முடியாது. பனிச்சங்காய்ச் சாற்றில் எவ்வளவு தோய்த்தாலும் சணப்பு ஒருநாள் மக்கிவிடும். அறுந்து குளத்தடியில் சிக்கிய நாண் சில பருவங்களில் சேறாகும். நைலான் அவ்வாறு மக்காது. வெயில் அதன் வலுவைக் குறைக்கும்; ஆனால் வெயில் புகாத சேற்றில் அது பல ஆண்டு கிடக்கும். நம் பக்கத்து வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. நாரையும் நீர்க்காகமும் சரணாலய எல்லைக்குள் மட்டும் இரைதேடுவதில்லை. சுற்றியுள்ள வாய்க்கால், வயல், ஊர்க்குளம் எல்லாம் அவற்றின் மேய்ச்சல் நிலம். கரைக் கருவேலத்தில் சிக்கி விடப்பட்ட இரண்டு முழ நரம்பு போதும், ஒரு கொக்கின் காலைச் சுற்ற. பட்டம் விடும் நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடைசெய்தது. அறுந்த பட்ட நூல் சாலையில் மனிதக் கழுத்தை அறுத்தது அதற்கொரு காரணம். தூண்டில் நரம்பு பறவையின் காலைத்தான் சுற்றுகிறது.

தடை வேண்டும் என்று நாம் எழுதவில்லை. தூண்டிற்காரனின் ஒரே முதல் அந்த நரம்புதான். அறுந்த துண்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் முதியவர்கள் சிலரைப் பாலத்தில் பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால் பறவையைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பருத்தி நூல் காலத்தில் முடிச்சுப் போட்டு மறுபடி பயன்படுத்திய பழக்கம், அப்படியே வந்துவிட்டது என்கிறார்கள்.